குடை ராட்டினத்தில் பிள்ளைகளோடு நீங்களும் ஏறியதுண்டா?

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்றால் எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குத் தேர், மகளுக்கு ராட்டினம். டிசம்பர் 3 கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அன்று கூட்டத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நுழையவே முடியாது. அதனால் முன்னதாகவே ஒரு சாயங்காலம் போனோம்.

மகளுக்கு நாலு வயது. எப்போதும் அவளைக் குதிரையில் உட்கார வைத்துவிட்டு, நான் வேலிக்கு இப்பால் நின்று போனில் படம் எடுப்பேன். இந்த முறை ராட்டினக்கார அண்ணன், "நீங்களும் ஏறுங்கம்மா, குதிரை சும்மாதான் கெடக்கு" என்றார். ஏறிவிட்டேன்.

வெளியே நின்றால் சுற்றுக்கு ஒருமுறைதான் பிள்ளை முகம் தெரியும். கை காட்டுவதற்குள் போய்விடும். பக்கத்தில் இருந்தால் எல்லாம் தெரிகிறது. கம்பியை இறுக்கிப் பிடித்து உதட்டைக் கடித்தபடி இருந்தவள், வேகம் பிடித்ததும் மெல்ல ஒரு கையை விட்டாள். பிறகு குனிந்து குதிரையின் காதில் என்னவோ சொன்னாள். கேட்டால், "உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்கிறாள்! எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில்தான் சுற்றை முடிக்கும், ஆனால் வெளிவரிசைக்குத் தூரம் அதிகம், வேகமும் அதிகம். அவள் உள்வரிசை, நான் வெளிவரிசை. இருந்தும் இறங்கும்வரை "அம்மா, உன் குதிரை தோத்துட்டு!" என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள். நானும் முழு மனதோடு தோற்றேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

சுசீந்திரத்திலிருந்து ஒரு பாட்டா:
மார்கழித் திருவிழாவில் பேரனோடு ஏறினேன், மகளே. எங்கள் சின்ன வயதில் மோட்டார் ஏது? நடுக்கம்பத்து மேல்சட்டத்திலிருந்து சங்கிலியில் மரக்குதிரை தொங்கும். ராட்டினக்காரர் ஓடி ஓடித் தள்ளுவார். காசில்லாத பையன்கள் கூடச் சேர்ந்து தள்ளிக்கொடுத்தால் கடைசியில் ஒரு சுற்று சும்மா கிடைக்கும். நான் அப்படி ஏறியவன். வேகம் கூடக் கூடக் குதிரை வெளிப்பக்கமாக எழும்பிப் பறக்கும், வயிறு ஜில்லென்று ஆகும். இப்போது பலகையில் பூட்டிய குதிரைகள், அந்தப் பறத்தல் இல்லை. ஆனால் அப்போது பக்கத்தில் பேரன் இல்லையே! "பாட்டா, கண்ண மூடாதீங்க, தேர் தெரியுது பாருங்க" என்று ஒவ்வொரு சுற்றிலும் எனக்குக் காட்டினான். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்தேன்.

குளச்சலிலிருந்து:
என் மகனுக்குக் குதிரை என்றாலே பயம். மண்டைக்காடு மாசிக் கொடைக்குப் போனபோது தூக்கி வைக்கப் போனால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான். சில ராட்டினங்களில் குதிரைகளுக்கு நடுவே இருவர் உட்காரும் வண்டி இருக்கும், அதில் என் மடியில் வைத்துக்கொண்டேன். பயந்த பிள்ளைக்கு அதுதான் நல்லது. கொஞ்ச நேரம் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். அப்புறம் ஒரு கண், அப்புறம் இரண்டு கண். முன்னால் போன வெள்ளைக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அதுல மாறட்டா?" என்றான். ஓடும்போது மாறக்கூடாது மக்ளே என்று நிற்கும்வரை பிடித்து வைத்து, திரும்ப டிக்கெட் எடுத்தோம். வெள்ளைக் குதிரையில் வேறொரு பிள்ளை ஏறிவிட்டது. பரவாயில்லை, கறுப்பு இன்னும் வேகமாம்!