கடல்கன்னி என்பது ஆவுளியாதானா?

கடலோடி:
சென்ற இழையில் ஒரு நண்பர், "இத்தனை நாடுகளில் கடல்கன்னி நம்பிக்கை இருக்கிறதே, ஏதோ உண்மை இல்லாமலா?" என்று கேட்டிருந்தார். உண்மை இருக்கிறது. நம் பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் கடல்பசுவான ஆவுளியாதான் அது. கொலம்பஸ் 1493 ஜனவரியில் கரீபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவுப் பக்கம் மூன்று கடல்கன்னிகளைப் பார்த்தார். படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்று அவர் குறிப்பிலேயே இருக்கிறது. பார்த்தது மானட்டி, ஆவுளியாவின் உறவு. 1560இல் மன்னார் பக்கம் ஏழு கடல்மனிதர்கள் பிடிபட்டதாக ஒரு கதை உண்டு. இந்தக் கடல் கதைகளுக்கு ஆவுளியாதான் மூலம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட் எழுதிவிட்டார். முலை அக்குளருகே இருக்கும், மூச்சுவிட மேலே வரும், பின்பாதி மீன் மாதிரி. வேறென்ன வேண்டும்?

நெய்தல்நிலா:
ஐயா, ஆவுளியாவைப் பக்கத்தில் பார்த்தவர்கள் நம் கடலோர மக்கள். வலையில் சிக்கினால் தூக்கிக் கரை சேர்த்தவர்கள், தடை வருமுன் கறி சமைத்துத் தின்றவர்கள். அவர்கள் யாரும் அதைப் பெண்ணென்று மயங்கவில்லை. மயங்கியவர் கப்பலில் வந்தவர், அதுவும் ஊரிலேயே கடல்கன்னிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். நீங்கள் காட்டிய கொலம்பஸ் வரியே அதற்குச் சாட்சி. படம் முதலில், விலங்கு அப்புறம்.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலுள்ள அஸ்கலோன் ஊரின் தெய்வத்துக்குப் பெண் முகமும் மீன் உடலும் என்று கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதினார். அவளால்தான் சிரியர்கள் மீன் உண்பதில்லை என்றும் சொன்னார். மத்தியதரைக் கடலில் ஏது ஆவுளியா?

கடலோடி:
செங்கடலில் உண்டு, அஸ்கலோனிலிருந்து எட்டாத தூரமில்லை. பக்கத்தில் வாழ்பவர்கள் பெண்ணோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை என்பதும் சரியில்லை. பசிபிக் கடலின் பலாவ் தீவுகளில் ஒரு பெண் ஆவுளியாவாக மாறிய கதையை இன்றும் மரப்பலகையில் செதுக்குகிறார்கள். ஆவுளியா இல்லாத ஸ்காட்லாந்தின் ஓர்க்னி, ஷெட்லண்ட் தீவுகளில் அந்த இடத்தைச் சீல் என்ற கடல்விலங்கு எடுத்துக்கொண்டது.

நெய்தல்நிலா:
அந்தச் சீல் கதையை முழுசாகச் சொல்லுங்கள். தோலைக் கழற்றிவிட்டுக் கரையேறும் பெண்ணின் தோலை ஒருவன் ஒளித்துவைத்து அவளை மணக்கிறான். பிள்ளைகளும் பிறக்கின்றன. ஒருநாள் தோல் கையில் கிடைக்கிறது, அத்தனையையும் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறாள். விருப்பமில்லாமல் வாழ்ந்த ஒரு மனைவியின் கதை இது. சீலின் உடலமைப்பைச் சொன்னால் இதில் என்ன விளங்கும்? பலாவும் அப்படித்தான். மாறியவள் கதை வேறு, மயங்கியவன் கதை வேறு.

மட்டுநகரான்:
எங்கட மட்டக்களப்பையும் சேருங்கோ. நகரின் அடையாளமே கடல்கன்னிதான். ஆனால் இங்கே கதை காதிலிருந்து வந்தது. நிலவு நாட்களில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார்கள். அந்த ஒலியைத்தான் மீன் பாடுகிறது என்கிறோம். கன்னி என்று மயங்க விலங்கு ஒன்றும் அதில் வரவில்லை.

கூடல்வாசி:
எனக்கு இதெல்லாம் வியாபாரமாகத்தான் தெரிகிறது. 1842இல் காட்சி வியாபாரி பார்னம் நியூயார்க்கில் 'ஃபீஜி கடல்கன்னி' என்று காட்டியது குரங்கு உடலையும் மீன் வாலையும் ஒட்டிய பொம்மை. ஜப்பானில் ஒகயாமா மாநிலத்துக் கோயில் ஒன்றில் 30 செ.மீ. நீளத்தில் 'கடல்கன்னி உடல்' இருக்கிறது. 2022இல் ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு முடிவு வந்தது. உள்ளே காகிதம், துணி, பஞ்சு. முதுகெலும்பே இல்லை.

நெய்தல்நிலா:
அந்தக் கோயிலில் மக்கள் கும்பிட்டிருக்கிறார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கடல்கன்னியின் கறியைத் தின்று 800 ஆண்டு வாழ்ந்த பிக்குணியின் கதை ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். நோய்க்குப் பயந்தவர்கள் அந்தக் கோயில் உடலின் முன் கைகூப்பியதை ஏமாந்த கூட்டம் என்று தள்ள என்னால் முடியாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் நீர்த்தெய்வம் மாமி வாட்டாவைப் பாருங்கள். நீருக்குரிய தெய்வங்கள் அங்கே முன்பே உண்டு. 1880களில் ஜெர்மனியின் ஹம்பர்க்கில் அச்சான பாம்பாட்டிப் பெண்ணின் படம் ஒன்று அந்தக் கரைக்குப் போனது. விரிந்த கூந்தல், கழுத்தைச் சுற்றிப் பாம்பு. அதையே தெய்வத்தின் முகமாக ஏற்றுக்கொண்டார்கள். 1955இல் பம்பாயின் காலண்டர் கம்பெனி ஒன்று அதே படத்தை மறுபடி அச்சடித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. செல்வம் கேட்டு, பிள்ளை கேட்டு அவளை வணங்குகிறார்கள். இதில் மானட்டியை எங்கே நுழைப்பீர்கள்?

கடலோடி:
மாமி வாட்டாவின் பக்தியை மானட்டியால் அளக்க நான் வரவில்லை. கொலம்பஸுக்கும் மன்னாருக்கும் என் விளக்கம் அப்படியே நிற்கிறது. இந்தப் பேச்சில் ஆவுளியாவை நான் விடாததற்குக் காரணம் உண்டு. ஆவுளியாவின் குடும்பத்திலேயே மிகப் பெரிய உறவான ஸ்டெல்லர் கடல்பசுவை 1741இல் கண்டார்கள், 1768க்குள் கொன்று தீர்த்தார்கள். நம்முடையதற்கு 2022இல்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. காப்பகம் வந்தது. கடல்கன்னி என்றதும் ஓடிவந்து கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் ஆவுளியாவைத்தான் காட்டுவேன்.

நெய்தல்நிலா:
காட்டுங்கள் ஐயா. கூடவே பலாவ் பெண்ணின் கதையையும் சொல்லுங்கள், கொலம்பஸ் கதை அப்புறம் வரட்டும்.