சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதை: புதுப்பிப்பு

குப்பை கொட்டக் கீழே இறங்கியபோது கதவு தானே சாத்திக்கொண்டதையும், சாவியும் கைப்பேசியும் உள்ளே இருக்க, பெர்லினின் ஞாயிற்றுக்கிழமைக் குளிரில் செருப்புக் காலோடு நான் நின்றதையும் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தேன். வெளியிலிருந்து திறக்க முடியாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்புறம் திருகாத குமிழ் மட்டுமே இருப்பதால், சாத்தினாலே சாவி வேண்டும்.

எதிர்வீட்டு அம்மையாரின் தொலைபேசியில் அழைத்த முதல் பூட்டுக்காரர், வந்து பார்க்காமலேயே பூட்டைத் துளையிட வேண்டும் என்றார். கதவு பூட்டப்படவில்லை, சாத்தப்பட்டிருக்கிறது என்ற வேறுபாட்டைச் சொல்லி, அவர் வேண்டாம் என்று என்னை மறுக்க வைத்தவர் அந்த அம்மையார்தான். அடுத்து வந்தவர் வளையும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கதவிடுக்கில் நுழைத்துப் பூட்டின் நாக்கை உள்ளே தள்ளினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஞாயிறு என்பதற்கான கூடுதல் கட்டணத்தோடு 140 யூரோ. அந்த நிமிடத்துக்கு என் மணிக்கூலியை ஒப்பிட்டுப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது.

மாற்றுச் சாவி செய்துகொள்ளலாம் என்றால், கட்டடத்தின் வாசலையும் என் கதவையும் ஒரே சாவி திறப்பதால், வீட்டு உரிமையாளரிடம் உள்ள பாதுகாப்பு அட்டையைக் காட்டாமல் யாரும் நகல் எடுத்துத் தருவதில்லை. உரிமையாளருக்கு அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பிறகு நேற்று மாற்றுச் சாவி கிடைத்தது. அதை எதிர்வீட்டு அம்மையாரிடமே கொடுத்து வைத்தேன். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டவர், நாளை மூன்று வார விடுமுறைக்குக் கிளம்புவதாகச் சொன்னார்.