புதுப்பிப்பு: கடலில் விழுந்த தங்கையின் போன்

திருச்செந்தூர் கடலில் தங்கையின் போன் விழுந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன் இல்லையா? போன் பிழைத்துவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அரிசிக்குள் புதைக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். செய்யவில்லை. அரிசி உள்ளே போன ஈரத்தை இழுக்காது, அதன் தூசி சார்ஜர் துளையில் போய் அடைக்கும். ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. அதோடு, கடல் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும். மின்சாரம் பாய்ந்தால் அந்த உப்பு உள்ளே இருக்கும் செம்பை வேகமாக அரிக்கும். அதனால் போனை அணைத்து, நல்ல தண்ணீரில் மெதுவாக அலசச் சொன்னவரின் பேச்சைத்தான் கேட்டோம். ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக்குறியீடு) போன்தான், ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் செய்வது, கடலுக்குப் பொருந்தாது.

அப்புறம் சார்ஜ் போடாமலே கடைக்குக் கொண்டுபோனோம். பிரித்துப் பார்த்தால் சார்ஜர் துளையில் பச்சை பூத்திருந்தது. கடைக்காரர் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகும் சுத்தம் செய்யும் திரவம்) தொட்டு பிரஷால் சுத்தம் செய்து, சார்ஜர் துளைப் பகுதியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அருமையான வேலைக்காரர்! தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சிம் தட்டு பக்கத்து ஸ்டிக்கர் சிவந்துவிட்டதால் வாரண்டி கிடைக்காது.

ஸ்பீக்கர் இன்னும் கரகரக்கிறது, அதையும் மாற்றப் போகிறோம். போட்டோக்களை முதல் வேலையாக கணினிக்கு மாற்றிவிட்டோம்.