ஏலகிரி கேம்ப்: பதினொரு வருடம் கழித்து மறுபடி ஹெயான் ஷோதான்

பிரவுன் பெல்ட் வாங்கிய கையோடு கராத்தேயை விட்டவன் நான். விட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம், ஷிஃப்ட் வேலை, குழந்தை என்று முதலில் ஒரு வாரம் தள்ளிப்போனது, அப்புறம் ஒரு மாதம். கணக்குப் பார்த்தபோது பதினொரு வருடம் ஓடியிருந்தது. ஒருநாள் பழைய மாஸ்டர் போன் செய்தார். "சனி ஞாயிறு ஏலகிரியில கேம்ப் போடுறோம். வந்து ஓரமா உட்கார்ந்து பாரு, போதும்" என்றார். ஓரமாக உட்கார வைக்க அவர் யாரையும் கூப்பிட மாட்டார் என்று தெரிந்தேதான் போனேன்.

பரணிலிருந்து வெள்ளை உடையை இறக்கினேன். முன்பு தொடை வரை தொங்கிய பெல்ட் முனைகள், இப்போது முடிச்சு போட்டதும் நாலு விரற்கடைதான் மிச்சம். மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்தோம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரி, கபிலர் என்று வள்ளல்கள், புலவர்கள் பெயரெல்லாம் பலகையில் வரும். கூட வந்த பொடிசுகள் அதை எங்கே பார்த்தார்கள்? ஒவ்வொரு வளைவுக்கும் ஜப்பானிய எண்ணில் இச்சி, நி, சான் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். பத்துக்கு மேல் தெரியாததால் பதினோராவது வளைவில் மறுபடி இச்சி.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பனி ஈரத்தில் புல்தரையில் மண்டியிட்டு, கண்மூடி மொக்குசோ, அதாவது தியானம். ஒரு மணி நேரம் பன்ச், பிளாக், கிக். அதில் சொல்ல ஒன்றுமில்லை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பிறகு மாஸ்டர் என்னிடம், "எது வரைக்கும் ஞாபகம் இருக்கு?" என்றார். கொஞ்சம் மிதப்பாகவே "பஸ்ஸாய் டாய் வரைக்கும்" என்றேன், பிரவுன் பெல்ட்காரர்கள் போடும் கட்டா அது. "சரி, ஹெயான் ஷோதான் வரிசையில நில்லு."

ஷோட்டோகான் பாணிக் கராத்தே பழகியவர்களுக்குத் தெரியும், ஹெயான் ஷோதான் ஆரம்பப் பிள்ளைகள் போடும் முதல் கட்டா. கட்டா என்றால் வரிசை மாறாமல் தனியாகப் போடும் அசைவுத் தொடர். மொத்தம் 21 அசைவுகள். தூக்கத்தில்கூடப் போடுவேன் என்று நினைத்திருந்தேன். ஒன்பதாவது அசைவில், மூன்றாவது மேல் பிளாக்கில், கியாய் என்ற அடிவயிற்றுக் கத்தலும் கத்தியாயிற்று. அடுத்து இடது காலைப் பின்னால் சுழற்றி முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். நான் கால் வட்டத்தோடு நின்றுவிட்டேன். வரிசை முழுக்க வலப்பக்கம் பார்க்க, நான் மட்டும் இடப்பக்கம். எதிரே பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று, பச்சை பெல்ட், என் முகத்துக்கு நேராக நின்றது. சிரிக்கவில்லை. "அங்கிள், இடது காலைப் பின்னாடி சுத்திக் கொண்டு வரணும்" என்று உதடு அசையாமல் சொன்னது.

டிபனுக்குப் பிறகு மாஸ்டர் என்னைத் தனியே நிறுத்தி, பன்ச் விடச் சொல்லிப் பார்த்தார். என் குத்தும் கையைத் திருத்துவார் என்று நினைத்தேன். அவர் பிடித்தது இன்னொரு கையை. இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "இதை என்கிட்டேருந்து பிடுங்கி இடுப்புக்குக் கொண்டு போ. வலது கையை மறந்துடு" என்றார். குத்தாத கையை இடுப்புக்கு இழுப்பது, ஹிக்கிதே என்று நாங்கள் வருடக்கணக்கில் வாயால் சொன்ன விஷயம். அவர் பிடிக்கு எதிராக இழுத்தபோது இடுப்பு தானாகத் திரும்பியது, வலது கை தானாகப் போனது. அந்த மாதிரி ஒரு பன்ச் இருபத்தைந்து வயதிலும் எனக்கு வந்ததில்லை. "அப்பவும் உன் குறை இதுதான்" என்றார். "அப்ப சொன்னா கேக்கிற வயசில்ல உனக்கு."

இத்தனை நாளாக நான் இழந்துவிட்டதாக வருத்தப்பட்ட கராத்தே, அரைகுறைக் கராத்தேதான். இது தெரிந்ததில் ஏனோ எனக்கு நிம்மதியாக இருந்தது.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர் பேசினார். ஹெயான் வரிசைக் கட்டாக்களை இத்தோசு அன்கோ என்ற பழைய கராத்தே ஆசிரியர் ஒகினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தார், பினான் என்ற பழைய பெயரை ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனாகோஷி ஜப்பானில் ஹெயான் என்று மாற்றினார் என்றெல்லாம் சொன்னார். கராத்தே வெந்நீர் மாதிரி, அடுப்பை அணைத்தால் மறுபடி பச்சைத் தண்ணீர்தான் என்று ஃபுனாகோஷி சொன்னதையும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது. என் விஷயத்தில் பாத்திரமே பரணில் கிடந்தது.

ஞாயிறு குமித்தேயில், அதாவது ஜோடியாக மோதும் பயிற்சியில், நான் வேடிக்கைதான் பார்த்தேன். கிளம்பும்போது மாஸ்டர் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. "காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பே?" என்றார். ஆறு என்றேன். "ஆறேகாலுக்கு ஒரு ஹெயான் ஷோதான். ரெண்டு வேண்டாம்." ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. அதனால் சாக்கு சொல்லவும் வழியில்லை. இன்றோடு ஏழு வாரம். நாலு நாள் விட்டுப்போனது. அதில் ஒருநாள் காய்ச்சல், மீதி மூன்றும் சோம்பல்.

நீங்களும் இப்படி எதற்காவது திரும்பிப் போயிருந்தால் எழுதுங்கள்.

சேலத்து அம்மா:
நான் திரும்பிப் போகவில்லை, புதிதாக மாட்டிக்கொண்டேன். பையனை கேம்ப்பில் விடப்போன இடத்தில், "சும்மா நிக்கிற அம்மாக்களும் வாங்க" என்று வரிசையில் சேர்த்துவிட்டார்கள். சேலையை மாற்றிச் சுடிதாரில் நின்றேன். கை கால் எப்படியோ வந்துவிட்டது, கியாய்தான் வரவில்லை. வீட்டில் பையனைக் கத்துகிற குரல் எங்கே போனதோ! மத்தியானம்தான் ஒருவழியாக வந்தது, வந்ததும் பையன் பயந்து திரும்பிப் பார்த்தான். இப்போது எனக்கு 38 வயது, வெள்ளை பெல்ட். அவன் ஆரஞ்சு. வணக்கம் சொல்லும் வரிசையில் அவனுக்குக் கீழேதான் நிற்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வரிசை மாறிவிடும்.

நம்பாதவன்:
கேம்ப் என்றாலே எனக்கு அலர்ஜி. நான் படித்த வகுப்பில் கேம்ப் முடிவில் கிரேடிங் என்று பெல்ட் தேர்வு வைப்பார்கள், தனிக் கட்டணம். இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் ஒரே நாளில் இரண்டு பெல்ட். அப்படி வாங்கிய நீல பெல்ட்டைக் கட்டவே கூச்சமாக இருந்து நின்றுவிட்டேன். உங்கள் கேம்ப்பில் எத்தனை பேருக்கு பெல்ட் கொடுத்தார்கள்?

முழங்கால்:
நாற்பதுக்கு மேல் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் முதல் கேம்ப்பில் பிள்ளைகள் முன்னால் கெத்து காட்ட கிபா தாச்சியில், குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கால் அகட்டி நிற்கும் நிலையில், தரையோடு தரையாக உட்கார்ந்தேன். திங்கட்கிழமை முழங்கால் வீங்கி, ஆறு வாரம் பிசியோதெரபி. முழங்கால் உள்ளே சாயாமல் கால்விரல் பக்கமே பார்க்க வேண்டும், தாழ்வு தானாக வரட்டும். அப்புறம் அந்த முக்கால் வட்டத் திருப்பம்: பாதம் சுழலட்டும், பாதத்தை ஊன்றிக்கொண்டு முழங்காலைத் திருகாதீர்கள். சிமெண்ட் தரை என்றால் இன்னும் கவனம்.

மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்):
நம்பாதவன், யாருக்கும் பெல்ட் இல்லை, கிரேடிங்கே வைக்கவில்லை. தங்கவும் சாப்பிடவும்தான் பணம் வாங்கினார்கள். முழங்கால் சார், எங்கள் மாடி சிமெண்ட் தரைதான், நாளையிலிருந்து பார்த்துத் திரும்புகிறேன். இடமும் பத்தவில்லை, மூன்றாவது மேல் பிளாக் போடும்போது முன்னால் தண்ணீர்த் தொட்டி வந்துவிடுகிறது. கொடிக்கயிறு பக்கமாக இரண்டு அடி தள்ளி ஆரம்பித்தால் சரியாகும், ஆனால் அங்கே மனைவி வற்றல் காயவைத்திருக்கிறாள்.