பெப்டைடு ஊசி போட்டால் தூக்கமும் தெம்பும் திரும்புமா? ஜிம்மில் அப்படித்தான் சொல்கிறார்கள்

வாலாஜா_ஷிஃப்ட்காரன்

வணக்கம் மக்களே. வயது 44. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, வாரம் மாறி வாரம் நைட் ஷிஃப்ட். கொஞ்ச காலமாகவே உடம்பில் தெம்பு இல்லை. நைட் முடித்து வந்து படுத்தால் பத்து மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் புரண்டு புரண்டு படுப்பதுதான். வேலையில் மீட்டர் ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுதிவிட்டு, எழுதினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பப் போய் அதே மீட்டரைப் பார்க்கிறேன். பக்கத்தில் வேலை செய்யும் பையன் சிரிக்கிறான்.

காட்பாடிப் பக்கம் ஒரு ஜிம்முக்குப் போகிறேன். அங்கே டிரெய்னர் "அண்ணா, உங்க பிரச்சினைக்கு பெப்டைடுதான் சரி" (புரதத்தின் சின்னத் துண்டு மாதிரியாம்) என்று ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்துவிட்டார். தெம்புக்கும் வயசு தெரியாமல் இருப்பதற்கும் சிஜேசி-1295, ஐபமொரெலின் இரண்டும் கலந்து ராத்திரி வயிற்றில் ஊசி. தூக்கத்துக்கு டிஎஸ்ஐபி. தோள்பட்டை வலிக்கு பிபிசி-157. கவனத்துக்கு மூக்கில் விடும் செமாக்ஸ். எல்லாம் சேர்த்து மாதம் 14,000 ரூபாய். சின்னக் கண்ணாடி பாட்டிலில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பொடி, லேபிளில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல" என்று போட்டிருக்கிறது. கேட்டால் அது சும்மா சட்டத்துக்காக என்கிறார்.

கம்பெனி செக்கப்பில் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) 6.1 வந்தது. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. நான் குறட்டை விடுவதாக வீட்டில் தினமும் சண்டை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன். யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வேலை செய்யுமா?

குடியாத்தம்_மருந்துக்கடை

கடை வைத்திருப்பவன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு மூன்று பையன்கள் இன்சுலின் சிரிஞ்சும் "பாக்டீரியோஸ்டாடிக் வாட்டரும்" கேட்டு வருகிறார்கள். எங்கள் கடையில் அந்த வாட்டர் கிடையாது. உடனே "சாதா ஊசித் தண்ணீர் ஆம்பியூல் கொடுங்கண்ணா" என்பார்கள். அதில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை, உடைத்தால் ஒரு தடவைக்குத்தான். இவர்கள் அதைப் பொடியில் கலந்து, அதே பாட்டிலில் தினமும் ஊசியைக் குத்தி, வாரக்கணக்கில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சீழ் பிடித்துக் கட்டி வந்தால் அப்புறம் ஆன்டிபயாட்டிக் கேட்டு என்னிடமேதான் வர வேண்டும்.

கணக்கு இன்னொரு தொல்லை. 5 மில்லிகிராம் பொடியில் 2 மில்லி தண்ணீர் விட்டால், 1 மில்லிக்கு 100 யூனிட் கோடு போட்ட இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் கோடு வரை இழுத்தால் 250 மைக்ரோகிராம். அதே பொடியில் 1 மில்லி மட்டும் விட்டவன் அதே 10 கோடு இழுத்தால் 500 போய்விடும். யூனிட் என்பது இன்சுலினுக்குப் போட்ட அளவு, மற்ற மருந்துக்கு அது வெறும் கோடுதான். ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் வந்த சார்ட்டைக் காட்டி எத்தனை கோடு என்று என்னையே கேட்டான். பாட்டிலில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நான் எந்தக் கோட்டைச் சொல்வது?

அந்த லேபிளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. நாளைக்கு ஏதாவது ஆனால் பில்லும் இருக்காது, பேட்ச் நம்பரும் இருக்காது.

கோட்டை_ஜிம்பாய்

எல்லாரும் பயமுறுத்தாதீங்கப்பா. நான் சிஜேசி, ஐபமொரெலின் போட்டேன், தூக்கம் நல்லா வந்தது, கனவெல்லாம் தெளிவா வந்தது, தொப்பையும் கொஞ்சம் குறைஞ்சது. ஆரம்பத்தில் விரல் மட்டும் மரத்துப் போச்சு, அது போயிடும்னு சொன்னாங்க. அடுத்து எபிடாலான் எடுக்கலாம்னு இருக்கேன், வயசாகறதையே நிறுத்துமாம். இன்சுலினும் பெப்டைடுதானே, அதை ஊரே போட்டுக்கலையா?

ஆற்காட்டு_கெமிஸ்ட்

ஊர் ஆற்காடு, வேலை ஹைதராபாத்தில், பெப்டைடு தயாரிக்கும் பிரிவில்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்பாய் சொன்னது பாதி சரி. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி. இன்சுலினில் இரண்டு சங்கிலியும் சேர்த்து 51 அமினோ அமிலம். பிரசவ வார்டில் டிரிப்பில் ஏற்றும் ஆக்ஸிடோசின் வெறும் 9. என் அம்மாவுக்கு எலும்பு தேய்மானத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து தினமும் தொடையில் போட்ட டெரிபராடைடு 34. வயதானவர்களுக்கு உண்மையிலேயே உதவும் பெப்டைடு வேண்டுமென்றால் அது ஒன்று, ஆனால் அதை எந்த ஜிம்மிலும் விற்க மாட்டார்கள். ஆக "பெப்டைடு நல்லதா" என்று மொத்தமாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்தப் பெப்டைடு, யாருக்கு, எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்.

சிஜேசி, ஐபமொரெலின் இரண்டும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை முடுக்கி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைப்பவை. இந்த மோகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1990இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. 60 வயதைத் தாண்டிய 21 ஆண்கள், அதில் 12 பேருக்கு மட்டும் ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. கொழுப்பு குறைந்தது, தசை கூடியது. அதைப் பிடித்துக்கொண்டு "இளமை ஊசி" வியாபாரம் கிளம்பிவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் தசையின் எடை கூடினாலும் பலம் பெரிதாகக் கூடவில்லை. கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரத்துப் போவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் சேர்ந்து வந்தன. ஜிம்பாய், உங்கள் விரல் மரத்துப் போனதும் அந்த வகையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். வாலாஜாக்காரரே, 6.1 என்றால் நீங்கள் ஏற்கெனவே சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வது. மற்றதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு இது ஒன்றே வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம். இன்னொன்று, அந்த ஹார்மோன் உடம்பில் அதிகமாகச் சுரப்பதே ராத்திரி முதல் ஆழ்ந்த தூக்கத்தில்தான். தூக்கம் கெட்டவன் தூக்கத்தைச் சரி செய்யாமல் ஹார்மோனைத் தேடிப் போவது தலைகீழ் வேலை.

டிஎஸ்ஐபி கதை சுவாரசியமானது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முயல்களின் மூளையைத் தூண்டித் தூங்க வைத்து, அவற்றின் ரத்தத்திலிருந்து 1977இல் பிரித்தெடுத்தார்கள், 9 அமினோ அமிலம். கேட்க அற்புதமாக இருக்கிறது இல்லையா? ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் எல்லாம் சின்னவை, முடிவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதற்கான மரபணுவையே யாரும் அடையாளம் காட்டவில்லை. தூக்கத்தில் நிஜமாகவே பெரிய பங்கு உள்ள பெப்டைடு ஒரெக்ஸின், 1998இல் கண்டுபிடித்தது. அது விழித்திருக்க வைப்பது! அதைத் தடுக்கும் சுவோரெக்ஸான்ட் என்ற தூக்க மாத்திரை 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அந்த மாத்திரையோ பெப்டைடே இல்லை.

பிபிசி-157க்கு ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடம்தான், குரோஷியாவின் ஜாக்ரெப் குழு செய்தவை அதிகம். மனிதர்களிடம் ஒழுங்கான பெரிய சோதனை இல்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு அதை 2022 முதல் தடை செய்திருக்கிறது, பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகிற தம்பிகள் கவனிக்க. செமாக்ஸை ரஷ்யாவில் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். நைட் ஷிஃப்டில் கண் சொருகுகிறவனுக்கு அது என்ன செய்யும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. எபிடாலான் நாலே அமினோ அமிலம், பெரும்பாலும் ரஷ்யாவில் ஒரே குழுவின் ஆய்வுகளை நம்பி ஓடுகிறது. வயதை நிறுத்துமாம்!

இனி என் தொழில். பெப்டைடை ஒரு ரெசின் மணியில் ஒவ்வொரு அமினோ அமிலமாக ஒட்டி வளர்ப்போம், மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்ட முறை, அதற்கு 1984இல் நோபல் கொடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தவறும், நடுவில் ஒன்று விடுபட்ட சங்கிலிகள் கலந்தே வரும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்வதில்தான் செலவே. விற்பவர்கள் காட்டும் "99 சதவீதம் தூய்மை" பேப்பர் உண்மையாகவே இருந்தாலும், பாக்டீரியா நச்சு இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது, அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. போதாக்குறைக்கு கலக்கிய மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். நம்ம வேலூர் அக்னி நட்சத்திரத்தில், கூரியர் பையன் பையில் சுற்றி வந்து, ஜிம் லாக்கரில் கிடந்து, கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வரும் பாட்டிலில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆம்பூர்_தோல்காரன்

ஊசி வேண்டாம், கொலாஜன் பெப்டைடு பவுடர் குடிக்கலாமே என்று அடுத்து யாராவது வருவீர்கள், அதனால் முன்கூட்டியே. கொலாஜன் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் மீன் தோலிலும் இருந்து எடுப்பது. எங்கள் தொழிலில் குரோம் ஏற்றும் முன்னால் வெட்டிப் போடும் துண்டுகள் ஜெலட்டினுக்கும் வச்சிரப் பசைக்கும் காலங்காலமாகப் போகிறவைதான். சுருக்கத்துக்குக் கொஞ்சம் உதவலாம் என்று சில சின்ன ஆய்வுகள் உண்டு. தெம்புக்கும் தூக்கத்துக்கும் அந்த விலை கொடுப்பதற்கு ரெண்டு நாள் ஆட்டுக்கால் சூப் குடித்துவிட்டுப் போகலாம், ருசியாவது இருக்கும்.

நைட்_டூட்டி_அக்கா

தம்பி, எல்லாரும் பாட்டிலைப் பற்றியே பேசுகிறார்கள், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய குறட்டையை ஒருத்தரும் கவனிக்கவில்லையே. நான் நர்ஸ், பாதி வாழ்க்கை நைட் டூட்டியில் போனவள். பகலில் தெம்பில்லாமை, மறதி, சர்க்கரை ஏறுவது, கூடவே பலமான குறட்டை. இந்த நாலும் சேர்ந்தால் முதலில் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்க்கணும். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும், ஆக்ஸிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும், ராத்திரி முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கும், உங்களுக்கு ஞாபகமே இருக்காது. வீட்டில் அவர்களை நீங்கள் தூங்கும்போது போனில் ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்கள். குறட்டை ஒரே சீராக வருகிறதா, இல்லை சட்டென்று நின்று, பத்துப் பதினைந்து வினாடி சத்தமே இல்லாமல், அப்புறம் மூச்சுத் திணறி எழுகிற மாதிரி வருகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது மாதிரி என்றால் ஈஎன்டி அல்லது நுரையீரல் டாக்டரிடம் அந்த வீடியோவோடு போங்கள், தூக்கப் பரிசோதனை எழுதித் தருவார்கள்.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), பி12, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். ஒரு மாத பெப்டைடு காசில் இது அத்தனையும் முடிந்து மிச்சமும் இருக்கும்.

நைட் வாரத்தில் விடிகாலை மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம், அது உடம்பை விட்டுப் போக நேரம் எடுக்கும். காலையில் வண்டியில் வரும்போது கூலிங் கிளாஸ் போடுங்கள், நம்ம ஊர் ஏழு மணி வெயில் மூளைக்குப் பகல் என்று சொல்லிவிடும். படுக்கும் அறைக்குக் கருப்புத் திரை. ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஒரு குட்டித் தூக்கம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: கண் சொக்கினால் ஹைவேயில் வண்டி ஓட்டி வராதீர்கள், கம்பெனி பஸ்ஸில் வாருங்கள்.

வாலாஜா_ஷிஃப்ட்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், "இதைத்தானே நான் சொன்னேன், நடுவில மூச்சே நின்னுடுது, பயந்து தட்டி எழுப்பறேன்" என்கிறாள். ஜிம்மில் அட்வான்ஸ் 5,000 கொடுத்துவிட்டேன், அதை மாச ஃபீஸில் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், டிரெய்னர் முகம் சுளித்தார், பார்ப்போம். வர்ற வாரம் பகல் ஷிஃப்ட், அப்போது டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதுவரைக்கும் தெம்புக்கு ஒரு நியூரோபியான் ஊசி போட்டுக்கொள்ளலாமா? டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போகணுமா?

குடியாத்தம்_மருந்துக்கடை

ரத்தம் கொடுக்கும் வரை அந்த ஊசி வேண்டாம் அண்ணா. அதில் பி12 இருக்கிறது, போட்டுவிட்டுப் போனால் ரிப்போர்ட்டில் பி12 ஏகத்துக்கும் காட்டும், உண்மையில் குறைவா என்று தெரியாமல் போய்விடும். முடிக்கு பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்துங்கள், டிஎஸ்ஹெச் தப்பாக வரும். பாஸ்டிங் சுகரும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். நைட் முடித்த கையோடு போகாதீர்கள், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போங்கள்.