கொல்லைக் கோழியும் பக்கத்து வீட்டுப் புகாரும்: விதி, சத்தம், வாடை பற்றிய அனுபவப் பகிர்வு

“இங்கே கோழி வளர்க்கலாமா?” என்று நகராட்சி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டு, “வளர்க்கலாம்” என்ற பதிலோடு திரும்பியவர்கள்தான் பிறகு நோட்டீஸ் வாங்குகிறார்கள். விதியின் நகலைக் கையில் வாங்கிப் படியுங்கள். அதில் கோழி வளர்ப்புப் பிராணியா, கால்நடையா என்று முதலில் பாருங்கள். கால்நடை என்று இருந்தால் குடியிருப்பு மண்டலத்தில் மொத்தமாகவே தடை இருக்கக்கூடும். எத்தனை வரை அனுமதி, அந்தக் கணக்கில் குஞ்சும் சேருமா, சேவல் கூடுமா, வீட்டிலேயே அறுக்கலாமா, முட்டை விற்கலாமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இடைவெளி அளவில்தான். சில இடங்களில் மனை எல்லையிலிருந்து அளப்பார்கள், சில இடங்களில் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து. கூண்டின் சுவர் வரைக்குமா, கோழி உலாவும் வலையடைப்பின் ஓரம் வரைக்குமா என்பது அடுத்த சிக்கல். பக்கத்து மனை காலியாகக் கிடக்கும்போது வீட்டுச் சுவர்க் கணக்கில் வைத்த கூண்டு, அங்கே வீடு எழும்பிய அன்றே விதிமீறல் ஆகிவிடலாம். எல்லையிலிருந்தே அளந்து வையுங்கள். கூண்டும் அஸ்திவாரம் போடாமல் நகர்த்தும்படி இருக்கட்டும்.

குடியிருப்போர் சங்க விதியும் மனைப் பத்திரத்து நிபந்தனையும் தனிக்கணக்கு. நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது என்பதால் அவை இல்லாமல் போகாது.

* * *

சேவலைப் பற்றிச் சொல்கிறேன். முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். ஆனால் பெட்டை என்று சொல்லி வாங்கிய குஞ்சுகளிலும் சேவல் வந்துவிடும், பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சில் ஆண், பெண் பிரிப்பது எப்போதும் சரியாக அமையாது. 6 முதல் 8 வாரத்தில் மற்றவற்றைவிடக் கொண்டை சிவந்து பெருத்தால் சந்தேகப்படுங்கள். 12 வாரத்தையொட்டி இடுப்பில் கூரான, நீண்ட இறகுகள் தொங்கினால் முடிவே செய்துவிடலாம். அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் குஞ்சு வாங்கும் முன்பே பேசி வையுங்கள்.

கூவாமலிருக்கக் கழுத்தில் பட்டி கட்டுகிறார்களே, அது வேண்டாம். கொஞ்சம் இறுகினாலும் மூச்சுத் திணறும். கூண்டை இருட்டாக்கினால் சேவல் ஓரளவு தாமதிக்கும், அவ்வளவுதான். விடாமல் மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தாலும் உடலின் உள்கடிகாரப்படி சேவல் கூவும் என்று 2013-இல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள்.

பெட்டையும் முட்டையிட்டதும் கேறும், அதற்குச் சில நிமிடம்தான். கால் மணி நேரம் விடாமல் கத்தினால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் முட்டைப் பெட்டிக்கு வரிசை நிற்கும். எல்லாக் கோழிக்கும் ஒரே பெட்டிதான் பிடிக்கும், உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்க வெளியே ஒன்று நின்று ஊரைக் கூட்டும். 4 கோழிக்கு ஒரு பெட்டி, பக்கத்துக்கு 30 செ.மீ. அளவில் வைத்து, வாய்ப்புறம் பக்கத்து வீட்டைப் பார்க்காமல் திருப்புங்கள். வாடைதான் கவலை என்றால் கொஞ்சம் சுண்ணாம்பு தூவிவிட்டால் போதும்.

* * *

மேலே சேவல் பற்றி எழுதியவர் வாடைக்குச் சுண்ணாம்பு தூவச் சொல்கிறார், அந்த விஷயத்தில் மட்டும் மறுக்கிறேன். ஈரமான எச்சத்தில் சுண்ணாம்பு விழுந்தால் காரத்தன்மை ஏறி, உள்ளே அடங்கியிருந்த அமோனியா வாயுவாக வெளியேறும். தூவிய அன்றைக்கு வாடை கூடத்தான் செய்யும். அடுப்புச் சாம்பலும் அப்படியே. தரையில் விரித்த கூளத்தை முழுக்க அள்ளிய பிறகு வெறும் தரையில் பூசுவதென்றால் சரி.

வாடைக்கு மூலம் ஈரம். ஒரு கோழி நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் எச்சமிடும், அதில் முக்கால் பங்கு தண்ணீர். இரவு எச்சம் கோழி உட்காரும் கட்டைக்கு நேர் கீழே குவிகிறது. அங்கே ஒரு பலகையைச் செருகி, காலையில் சுரண்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தரையில் மரச்சீவலோ உமியோ 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் போட்டு, வாரம் இருமுறை கிளறுங்கள். ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்து விரல்களைத் திறந்தால், லேசாக ஒட்டிப் பிறகு உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், காய்ந்த கூளம் சேருங்கள். கூண்டுக்குள் குனிந்து கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

ஈரம் எச்சத்திலிருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீர்த் தொட்டி தாழ இருந்தால் கோழி சீய்த்துக் கொட்டும், அதன் முதுகு உயரத்துக்கு விளிம்பு வரும்படி தொங்கவிடுங்கள். கூரை நீர் அடைப்புக்குள் விழாமல் வெளியே வடியட்டும். சத்தத்துக்குப் பயந்து கூண்டை மூடி அடைக்காதீர்கள். அமோனியா காற்றைவிட இலேசானது, உட்காரும் கட்டைக்கு மேலே காற்றுத் திறப்பு இல்லாவிட்டால் உள்ளேயே தங்கி முதலில் கோழியின் கண்ணையும் நுரையீரலையும்தான் கெடுக்கும்.

அள்ளிய எருவை வேலியோரம் குவிக்க வேண்டாம். ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்து, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராகக் குவித்தால் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி மட்கும். குவியல் சின்னதானால் சூடு தங்காது, அழுகி நாறும்.

* * *

புகார்ப் பட்டியலில் ஈ, எலி இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள். எச்சத்தை வாரம் ஒருமுறை அள்ளினால் ஈ முந்திக்கொள்ளக்கூடும். 3 நாளைக்கு ஒருமுறை அள்ளினால் புழு பருவத்திலேயே முடிந்துவிடும்.

எலிப் புகாரில் பெரும்பாலும் பக்கத்து வீட்டார் பக்கம்தான் நியாயம். முட்டைக்கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம்தான் தின்னும். அந்த அளவுக்கே வைத்து, பொழுது சாய்ந்ததும் தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள். மீதித் தீவனம் மூடியுள்ள தகரப் பீப்பாயில், பிளாஸ்டிக் என்றால் கடித்துவிடும். அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்க உதவும், எலியையோ கீரியையோ வெளியே வைக்காது. 12 மி.மீ. கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை போடுங்கள், அடிப்பகுதியை வெளிப்புறமாக 30 செ.மீ. மடித்து மண்ணுக்குள் புதைத்தால் தோண்டி நுழைவதும் நிற்கும்.

* * *

புகார் வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு: நோட்டீஸில் எந்த விதி, எந்தக் கெடு என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். “அடுத்த தெருவிலும்தான் வளர்க்கிறார்கள்” என்ற வாதம் எடுபடாது, அவர்களுக்கும் நோட்டீஸ் போகும், உங்களுக்கு இன்னும் நாலு பகையாளி. எண்ணிக்கை கூடியிருந்தால் ஆய்வுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். விதி நகல், அனுமதி, அளவுகள் எழுதிய மனை வரைபடம், தேதி தெரியும் படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் ஆய்வாளர் அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார்.

புகார் கொடுத்தவர் யாரென்று தெரிந்தால், எந்த நேரம், எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். “எப்பப் பாத்தாலும் சத்தம்” என்பது விசாரித்தால் விடியற்காலை அரை மணியாகச் சுருங்கும், கதவைத் தாமதமாகத் திறந்தாலே தீர்ந்துவிடும். முட்டை கொடுத்து உறவாட நினைப்பவர்கள் கூண்டு கட்டும் முன்பே கொடுங்கள், புகாருக்குப் பிறகு கொடுத்தால் லஞ்சம் மாதிரி இருக்கும்.