திருச்சி – சிங்கப்பூர் டிக்கெட்: அம்மாவை அனுப்ப வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்குத் தை கடைசியில் பிரசவ நாள் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மூன்று வாரமாவது கூட இருக்க வேண்டும். 66 வயது, முட்டிவலி, முதல் விமானப் பயணம்.

பொங்கலுக்கு ஊர் வந்தவர்கள் திரும்பும் நேரத்தில் திருச்சியிலிருந்து டிக்கெட் விலை எகிறிவிடுகிறது. பொங்கலுக்கு முன்பே அனுப்பலாம் என்றால், சம்பா அறுவடையைப் போட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார். மூன்று மா நிலம்தான், ஆனால் களத்தில் அவர் நிற்காமல் நெல் வீடு வந்ததில்லை. இந்த நிலைமையில் இப்போதே போட்டுவிடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா? கோலாலம்பூரில் மாறிப் போனால் குறைகிறது, ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அம்மாவால் ஆகாது. மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை போய் ஏறுவதும் அலைச்சல்தான்.

முக்கியமான சந்தேகம் பெயர். அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தை விடாமல் கேட்கிறது. முன்பு அப்பாவுக்கு ஒரு ஏஜெண்ட் வெறும் இனிஷியலைப் போட்டுவிட, கவுண்டரில் நின்று பணம் கட்டித் திருத்தினோம். அப்பா முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்படிப் பெயர் உள்ளவர்கள் எப்படிப் போட்டீர்கள்?

அப்புறம், மலிவு டிக்கெட்டில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். பிரசவ லேகியம், வடகம் எல்லாம் கட்டியாயிற்று, 20 கிலோ வரும். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்க வேண்டுமா? சமீபத்தில் பெற்றோரை அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.